அடிவாரப் பாறையில் வாழும் சிறு பல்லி: ஒரு பதிவேட்டின் பெயர்களைச் சரிபார்த்த நிகழ்வு

பின்னணி

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வத்திராயிருப்புக்கும் மேற்கே, மலை சமவெளியோடு வந்து சேரும் அடிவாரத்தில், பெரும்பாறைகளும் வறண்ட இலையுதிர் காடும் ஓடைப் படுகைகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த வனப்பகுதி, 2021-இல் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. சதுரகிரிக்கு அமாவாசை, பௌர்ணமி நாள்களில் ஏறிச் செல்லும் பக்தர்கள் தாணிப்பாறை வழியாக நடப்பதும் இதே அடிவாரத்தில்தான்.

இப்பகுதியில் இயற்கை அவதானிப்பில் ஈடுபட்டுவரும் கல்லூரி மாணவர் குழு ஒன்று, ஓர் ஆசிரியையின் வழிகாட்டுதலில், பறவைகளுக்காகத் தொடங்கிய பதிவேட்டை நாளடைவில் பட்டாம்பூச்சிகளுக்கும் ஊர்வனவற்றுக்கும் விரித்திருந்தது. பொதுமக்கள் செல்ல அனுமதியுள்ள பாதைகளிலும் காட்டை ஒட்டிய பட்டா நிலங்களிலும் கண்டவற்றை நாள், இடம், ஒளிப்படம், பார்த்தவர் பெயர் என்ற நான்கு கட்டங்களில் எழுதிவைத்தார்கள். அந்தப் பதிவேட்டின் ஊர்வனப் பகுதியில் மிக அதிகமாகத் திரும்பத் திரும்ப வரும் உயிரினம், பாறை இடுக்குகளில் காலையிலும் மாலையிலும் தென்படும் ஒரு சிறு பல்லி.

வீட்டுச் சுவரில் நாம் பார்க்கும் பல்லிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அருகில் பார்த்தால் எவரும் சொல்லிவிடலாம். வீட்டுப் பல்லியின் விரல் நுனிகள் அகன்று, ஒட்டும் தகடுகளோடு இருக்கும். கண்மணி செங்குத்தான பிளவாக இருக்கும். பாறையில் வாழும் இந்தப் பல்லிக்கு விரல்கள் மெலிந்து, கணுவில் வளைந்து, நகத்தில் முடிகின்றன, கண்மணி வட்டமாக இருக்கிறது, பகலில் நடமாடுகிறது. நெமாஸ்பிஸ் என்னும் பேரினத்தின் அடையாளங்கள் இவை. இந்தியாவிலும் இலங்கையிலுமாக இப்பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டுவிட்டன. அவற்றுள் பெரும்பாலானவை கடந்த இருபதாண்டுகளுக்குள் விவரிக்கப்பட்டவை. பேரினத்தைச் சொல்வது இவ்வளவு எளிது. சிக்கல் எழுந்தது அதற்கு அடுத்த படியில்.

பெயர்கள் மாறிய வரலாறு

குழுவின் தொடக்ககாலப் பதிவுகளில் இந்தப் பல்லி பெரும்பாலும் ‘நெமாஸ்பிஸ் – இனம் தெரியவில்லை’ என்றே எழுதப்பட்டிருந்தது. சில இடங்களில் மட்டும் ‘ஆர்னேட்டா’ என்ற பெயர் இருந்தது. சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெடோம் 1870-இல் திருநெல்வேலி மலைகளிலிருந்து விவரித்த இனம் அது. பழைய கையேடுகளை மட்டும் வைத்துக்கொண்டு தென்கோடி மலைகளின் பல்லிக்குப் பெயர் தேடும் ஒருவர் ஆர்னேட்டாவில் போய் நிற்பது இயல்பானதே.

2021-இல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஒரே ஆய்வுக் கட்டுரையில் 12 புதிய நெமாஸ்பிஸ் இனங்கள் விவரிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான கேலக்ஸியா, ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியைச் சேர்ந்தது. உடலில் விண்மீன்களாய்ச் சிதறிய புள்ளிகளால் அந்தப் பெயர் பெற்றது. செய்தி வந்ததும் குழு தன் பதிவேட்டில் இருந்த ஏறத்தாழ எல்லாப் பழைய பதிவுகளையும் கேலக்ஸியா என்று மாற்றியது. நம் ஊரிலிருந்து ஒரு புதிய இனம் அறிவிக்கப்பட்டிருக்கிறது, நம் ஊரில் நாம் பார்த்ததும் இந்தப் பேரினம்தான், ஆகவே இரண்டும் ஒன்றே என்பதுதான் அந்த மாற்றத்தின் பின்னிருந்த எண்ணம். அந்த நேரத்தில் அதை மறுக்க எவரிடமும் காரணம் இருக்கவில்லை.

2024-இல் நிலைமை மாறியது. 2022 கோடையில் தமிழ்நாட்டின் தென்மலைகளில் கள ஆய்வு நடத்திய தாக்கரே வனவுயிர் அறக்கட்டளையின் ஆய்வாளர்கள், ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றிய 250 முதல் 400 மீட்டர் வரையிலான தாழ்ந்த உயரங்களிலிருந்து மேலும் இரண்டு இனங்களை விவரித்தார்கள். ஒன்று, ஓவியர் வின்சென்ட் வான்கோவின் பெயரைப் பெற்ற வான்கோகி. ஆணின் தலையும் முன்னுடலும் மஞ்சளாகவும் முதுகில் இளநீலப் புள்ளிகளோடும் இருப்பது அவருடைய விண்மீன் இரவு ஓவியத்தை நினைவூட்டியதால் அந்தப் பெயர். மற்றது, சதுரகிரி மலையின் பெயரைத் தாங்கிய சதுரகிரியென்சிஸ். இரண்டுமே கேலக்ஸியாவின் பெயரால் அழைக்கப்படும் கிளைக்குழுவை, அதாவது ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த இனத்தொகுதியை, சேர்ந்த நெருங்கிய உறவினங்கள். இரண்டும் மிகச் சிறிய பரப்புகளிலிருந்து மட்டுமே அறியப்பட்டவை. ஆக, குழு நடந்துவந்த அடிவாரப் பாறைகளுக்கு இப்போது ஒன்றுக்கு மூன்று பெயர்கள் உரிமை கோரின.

சிக்கல் வெளிப்பட்ட விதம்

அந்த நேரத்தில் குழு, பாதைக்கு வரும் பொதுமக்களுக்காக ஒரு சிறு கையேட்டைத் தயாரித்து அச்சகத்துக்கு அனுப்பும் நிலையில் இருந்தது. அதில் இந்தப் பல்லிக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்கி, கேலக்ஸியா என்ற பெயரோடு நல்ல ஒளிப்படம் ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். நாளிதழில் வான்கோகியின் படத்தைப் பார்த்த இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், கையேட்டின் பக்கத்தோடு அதை வைத்துப் பார்த்துவிட்டு ஆசிரியையிடம் சென்றார். “மேடம், நம்ம புத்தகத்துல இருக்கிறது இந்தப் பல்லி மாதிரியே இருக்கு. அப்போ கேலக்ஸியான்னு நாம போட்டிருக்கிற மத்ததெல்லாம் எது?” என்று கேட்டிருக்கிறார். இந்த நிகழ்வு முழுவதும் அந்தக் கேள்வியின் இரண்டாம் பாதியிலிருந்து விரிந்ததுதான். ஒரு படத்தின் பெயரை மாற்றுவதோடு முடிந்திருக்கக்கூடிய வேலையைப் பதிவேடு முழுவதற்கும் உரியதாக ஆக்கியவர் அந்த மாணவி.

ஆசிரியை என்னை அழைத்து, பதிவுகளைப் பார்த்துத் தரும்படி கேட்டார். முதல் முடிவை அவரே எடுத்திருந்தார்: கையேட்டின் அச்சை நிறுத்திவைத்திருந்தார். ஒருமுறை அச்சாகிப் பரவிய தவறான பெயரைத் திரும்பப் பெற வழியில்லை. இணையத்தில் திருத்தலாம், கைகளுக்குச் சென்ற தாளைத் திருத்த முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அது சரியான முடிவு.

பதிவேட்டில் கவனிக்கப்பட்டவை

பதிவேட்டை வாசித்ததும் முதலில் தெரிந்தது, எந்தப் பதிவிலும் ‘இந்தப் பெயர் ஏன் கொடுக்கப்பட்டது’ என்பதற்கான கட்டம் இல்லை என்பது. கேலக்ஸியா என்று எழுதப்பட்ட ஒரு பதிவில், படத்தில் தெரிந்த ஒரு கூறைப் பார்த்து அந்தப் பெயர் இடப்பட்டதா, இடத்தைப் பார்த்து இடப்பட்டதா, அல்லது முந்தைய பதிவைப் பார்த்து இடப்பட்டதா என்று பிரித்தறிய வழியே இருக்கவில்லை. மாணவர்களிடம் பேசியபோது, மிகப் பெரும்பாலானவை இடத்தை வைத்தே பெயரிடப்பட்டவை என்பது உறுதியாயிற்று.

இதன் விளைவு வெறும் பெயர்க் குழப்பம் அன்று. குழு தன் பதிவுகளைக் கொண்டு கேலக்ஸியாவின் பரவலைக் காட்டும் ஒரு வரைபடமும் தயாரித்திருந்தது. இடத்தைக் காரணமாகக் காட்டி ஒரு பெயரைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பெயரைக் காரணமாகக் காட்டி அந்த இனம் அந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்வது, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவதாகும். வரைபடத்திலிருந்த புள்ளிகள், மாணவர்கள் எங்கெல்லாம் நடந்தார்கள் என்பதைக் காட்டினவே தவிர, எந்த இனம் எங்கே வாழ்கிறது என்பதைக் காட்டவில்லை. பரந்த நிலப்பரப்பில் ஒரே உறவினம் மட்டும் வாழும் உயிரினங்களில் இந்தப் பழக்கம் பெரிய தீங்கு செய்யாமல் போகலாம். ஒரே வட்டாரத்தில் மூன்று உறவினங்கள் வாழும் இடத்தில், பரவல் என்ன என்பதுதானே கேள்வி. விடையை முதலிலேயே எழுதிவைத்துவிட்டால் கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது.

அடுத்து ஒளிப்படங்கள். பெரும்பாலானவை நின்ற உயரத்திலிருந்து கைப்பேசியில், பல்லியின் முதுகுப்புறம் மட்டும் தெரியும்படி எடுக்கப்பட்டவை. இவற்றில் மஞ்சள் தலையும் நீலப் புள்ளிகளும் தெளிவாகத் தெரிந்தவை சிலவே. மற்றவை பழுப்பும் சாம்பலும் கலந்த மங்கல் நிறத்தில், பெண்களாகவோ முழுவளர்ச்சி அடையாத குஞ்சுகளாகவோ இருக்கக்கூடியவை. வான்கோகி போன்ற ஓர் இனத்தில் முழுவளர்ந்த பல்லியின் உடல் நீளமே, மூக்கு நுனியிலிருந்து கழிவாய் வரை, 3.4 செ.மீ. அளவுதான் என்னும்போது, அளவுகோல் இல்லாத படத்தில் குஞ்சையும் பெண்ணையும் பிரிப்பதே எளிதன்று. பல படங்களில் வால் அறுந்து மீண்டும் வளர்ந்திருந்தது. மறுவளர்ச்சி பெற்ற வாலில் செதில்களும் புடைப்புகளும் (மேடாக எழுந்த பெரிய செதில்கள்) முதல் வாலின் ஒழுங்கில் அமைவதில்லை. ஆகவே வாலை வைத்துச் சொல்லக்கூடிய எதையும் அந்தப் படங்களில் சொல்ல முடியவில்லை.

நிறத்தை மட்டும் நம்பாமல் இருக்க முடிவு செய்தது ஏன்

மாணவர்களுள் சிலர், மஞ்சள் தலை தெரிந்தால் வான்கோகி, தெரியாவிட்டால் கேலக்ஸியா என்று பிரித்துவிடலாம் என்றார்கள். விவரிப்புக் கட்டுரையே நிறத்தை வேறுபடுத்தும் கூறுகளுள் முதலாவதாகச் சொல்கிறது என்பது அவர்கள் வாதம். அது உண்மைதான், இந்தக் கிளைக்குழுவில் முழுவளர்ந்த ஆணின் நிறம் வலுவான அடையாளம். ஆயினும் இந்தப் பதிவேட்டுக்கு அந்த விதியை ஏற்பதில்லை என்று முடிவு செய்தோம்.

விதியின் இரண்டாம் பாதி, அதாவது ‘தெரியாவிட்டால்’ என்ற பகுதி, பெண்களையும் குஞ்சுகளையும் மங்கிய ஆண்களையும் ஒட்டுமொத்தமாக ஒரே பெயருக்குள் தள்ளிவிடும். இது முதன்மையான காரணம். இந்தப் பல்லிகளின் நிறம் உடல் வெப்பத்துக்கும் அச்சத்துக்கும் ஏற்ப ஒளிர்வதும் இருள்வதும் உண்டு. குளிர்ந்த பாறை இடுக்கிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆணும், வெயிலில் நின்ற அதே ஆணும் படத்தில் ஒன்றுபோல் இருப்பதில்லை. கைப்பேசிக் கேமராக்கள் நிழலிலுள்ள மஞ்சளைத் தாமாகவே வெளுப்பாக்கவும் வெளிர்நீலத்தைச் சாம்பலாக்கவும் செய்கின்றன. ஒரே பல்லியை ஒரே நிமிடத்தில் இரண்டு பேர் எடுத்த படங்கள் பதிவேட்டில் இருந்தன. ஒன்றில் புள்ளிகள் நீலம். மற்றதில் அழுக்கு வெள்ளை. அவற்றை அருகருகே வைத்துக் காட்டிய பிறகு, நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்கலாம் என்ற யோசனையை மாணவர்களே கைவிட்டார்கள்.

தேர்ந்தெடுத்த கூறுகள்

2024-ஆம் ஆண்டு விவரிப்பு, நிறத்தைத் தவிர வேறு பல கூறுகளை ஒன்றுசேர்த்தே இந்த இனங்களைப் பிரிக்கிறது. உடலைச் சுற்றியுள்ள முதுகுப் புடைப்புகளின் எண்ணிக்கையும் அமைப்பும், முன்கால் தொடங்கும் இடத்திலிருந்து பின்கால் தொடங்கும் இடம் வரை முதுகெலும்பின் இருபுறமும் வரும் புடைப்புகள், வயிற்றின் குறுக்கே உள்ள செதில்கள், மோவாயிலிருந்து கழிவாய் வரை நீளவாக்கில் உள்ள செதில்கள், ஆணின் தொடைத் துளைகளும் (தொடையின் அடிப்பக்கச் செதில்களில் உள்ள சுரப்புக் குழிகள்) அவற்றுக்கு இடைப்பட்ட துளையற்ற செதில்களும் அமையும் விதம் ஆகியவையே அவை. இவற்றோடு என்டி2, 16எஸ் என்னும் இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) மரபணுக்களில் உள்ள வேறுபாடும் சேர்கிறது. இவற்றுள் எதுவும் தனியாக நின்று பெயரை முடிவு செய்வதில்லை. ஓர் எண்ணிக்கை இரண்டு இனங்களுக்கும் பொதுவாக அமையலாம். பல கூறுகள் ஒரே திசையைக் காட்டும்போதுதான் பெயர் உறுதிப்படுகிறது.

ஆனால் அந்த எண்ணிக்கைகள் எல்லாம் பதப்படுத்திய மாதிரியை நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பெறப்பட்டவை. உயிருள்ள பல்லியின் படத்தில் எவற்றை நம்பகமாக எண்ண முடியும் என்பதை நாங்களே தேர வேண்டியிருந்தது. மோவாய் முதல் கழிவாய் வரை நீளும் நூற்றுக்கும் மேற்பட்ட நுண்செதில்களைக் கைப்பேசிப் படத்தில் எண்ண முயல்வது வீண். அதை முதலிலேயே ஒதுக்கினோம். முதுகெலும்பை ஒட்டிய புடைப்புகளை, பல்லி நேராக நின்று, ஒளி பக்கவாட்டிலிருந்து விழுந்தால் எண்ணலாம். நேர் மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் புடைப்புகளின் நிழல் அழிந்து, தட்டையான செதிலும் புடைப்பும் ஒன்றாகிவிடும். மிகப் பயனுள்ளதாக எஞ்சியது தொடைத் துளைகளின் அமைப்பு. ஆனால் அதற்குப் பல்லியின் அடிப்பக்கம் தெரிய வேண்டும்.

இங்கே சட்டம் குறுக்கிட்டது, குறுக்கிட்டதும் நல்லதே. புலிகள் காப்பகத்துக்குள் எந்த உயிரினத்தையும் முன் அனுமதியின்றிப் பிடிக்கக் கூடாது. பல்லியைப் பிடித்துப் புரட்டிப் படமெடுத்து விட்டுவிடுவது சிறிய செயலாகத் தோன்றினாலும், அதைச் செய்யும்படி மாணவர்களுக்குச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. எனவே காப்பகத்துக்கு வெளியே எதையும் தொடாமல் எடுக்கும் படங்களின் தரத்தை உயர்த்துவதும், காப்பகத்துக்குள் ஏற்கெனவே அனுமதி பெற்றுப் பணிபுரியும் ஊர்வன ஆய்வாளர் ஒருவரிடம் ஆண்களின் அடிப்பக்கப் படங்களைப் பெறுவதும் என்று வேலையை இரண்டாகப் பிரித்தோம். ஆய்வாளர் ஒப்புக்கொண்டார். வனச்சரக அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவிக்கப்பட்டது.

படங்களை வாசித்த முறை

ஆய்வாளர் எடுத்த படங்களில், பல்லி ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் சில நொடிகள் இருத்தப்பட்டு, அடியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. தொடையின் அடிப்பக்கத்தில் செதில்கள் ஒரு வரிசையாக ஓடுகின்றன. அவற்றுள் துளையுள்ள செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசிமுனை அளவில் ஒரு குழி. அதில் மஞ்சள் தோய்ந்த மெழுகுபோன்ற சுரப்பு தெரியும். இரு தொடைகளின் துளைகளுக்கும் நடுவில், கழிவாய்க்கு மேலாக, துளையே இல்லாத செதில்கள் வரிசையைத் தொடர்கின்றன. எண்ண வேண்டியவை மூன்று: இடத் தொடைத் துளைகள், வலத் தொடைத் துளைகள், நடுவிலுள்ள துளையற்ற செதில்கள். இரு தொடைகளிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே கூட்டி ஒரே எண்ணாக எழுதாமல் இடம், வலம் என்று பிரித்தே எழுதினோம்.

ஒவ்வொரு படத்தையும் மூவர் தனித்தனியே எண்ணினார்கள். படம் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்பது எண்ணுபவருக்குச் சொல்லப்படவில்லை. கோப்புகளின் பெயர்களை ஆசிரியை மாற்றியமைத்து, எந்தப் பெயர் எந்த இடம் என்ற பட்டியலைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். இடம் தெரிந்தால், கண் தான் எதிர்பார்ப்பதைப் பார்க்கத் தொடங்கும். மங்கலாகத் தெரியும் கடைசித் துளையை ஒருவர் ‘இருக்கிறது’ என்பதும் மற்றவர் ‘இல்லை’ என்பதும் பல்லியைவிட வாசிப்பவரின் முன்முடிவைப் பொறுத்ததாகிவிடும். ஒரு படத்தில் தொடைமடிப்பு வெளிப்புறத் துளையை மறைத்திருந்தது. ஒருவர் நான்கு என்றார், மற்ற இருவர் ஐந்து என்றார்கள். பெரும்பான்மையை ஏற்காமல் அந்தப் படத்தின் எண்ணிக்கையைக் கணக்கிலிருந்தே நீக்கினோம். மறைந்த ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதை வாக்கெடுப்பால் முடிவு செய்ய முடியாது.

எண்ணிக்கைகள் முடிந்த பிறகே கேலக்ஸியா, வான்கோகி, சதுரகிரியென்சிஸ் ஆகிய மூன்றின் விவரிப்புகளையும் எடுத்து ஒப்பிட்டோம். ஒப்பிடும்போது ஆண்களின் நிறத்தையும் சேர்த்துக்கொண்டோம். நிறத்தை முழுவதுமாக விலக்குவது எங்கள் நோக்கமன்று; நிறமும் துளைகளும் புடைப்புகளும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

தொடர்ந்து நடந்தவை

கையேட்டின் பக்கத்தில் இருந்த படத்துக்குரிய பாறைத் தொகுதியிலிருந்து ஆய்வாளர் தந்த ஆண்களின் படங்கள், நிறம், தொடைத் துளைகள், முதுகுப் புடைப்புகள் ஆகிய மூன்றிலும் வான்கோகியின் விவரிப்போடு பொருந்தின. மாணவியின் ஐயம் சரியாயிற்று. அந்தப் பக்கத்தில் பெயர் மாற்றப்பட்டது. பெயருக்குக் கீழே, எந்தக் கூறுகளைக் கொண்டு அந்தப் பெயர் வந்தது என்று இரண்டு வரிகளும் சேர்க்கப்பட்டன.

மற்றொரு சரிவிலிருந்து வந்த ஆண்களின் படங்களில் இந்தத் தெளிவு கிடைக்கவில்லை. நிறம் ஒரு விவரிப்புக்கு நெருங்கி வந்தது. துளைகளின் அமைப்பு எண்ணக்கூடிய படங்களில் இன்னொன்றின் எல்லைக்குள் இருந்தது. புடைப்புகளை எண்ணுமளவுக்கு ஒளி சரியாக இல்லை. மாணவர்களுக்கு இது ஏமாற்றமளித்தது. இன்னொரு புதிய இனமாக இருக்குமோ என்ற பேச்சும் எழுந்தது. அந்தப் பேச்சை நான் ஊக்குவிக்கவில்லை. ஓர் இனத்தின் விவரிப்பு, அப்போது கைக்குக் கிடைத்த சில மாதிரிகளின் எண்ணிக்கைகளை மட்டுமே தருகிறது. அதே இனத்தின் வேறு இடத்துக் கூட்டத்தில் அந்த எல்லை சற்று விரிவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. படங்களில் தென்படும் சிறு விலகலை மட்டும் கொண்டு புதுமை என்று சொல்லத் தொடங்குவதும், இடத்தை மட்டும் கொண்டு பழைய பெயரைச் சொல்வதும் ஒரே வகை அவசரம். அந்தச் சரிவின் பதிவுகள் ‘கேலக்ஸியா கிளைக்குழு, இனம் உறுதியாகவில்லை’ என்று எழுதப்பட்டன. அங்கே அனுமதியோடு மாதிரிகள் எடுத்து மரபணுவை ஒப்பிடும் வேலை ஆய்வாளரிடம் விடப்பட்டது. இழைமணி மரபணு தாய்வழியை மட்டுமே காட்டும் என்பதால் அதன் விடையும் உருவக் கூறுகளோடு சேர்த்தே வாசிக்கப்பட வேண்டும். புதியதென்று ஒரு வேளை தெரியவந்தாலும், உயிரியல் பன்மயச் சட்டம், 2002-இன்படி அதன் மாதிரி, உயிரின மாதிரிகளைப் பாதுகாப்பதற்கென அறிவிக்கப்பட்ட காப்பிடம் ஒன்றில் வைக்கப்பட வேண்டும். அதனால் இந்த வேலை தொடக்கத்திலிருந்தே அனுமதியுள்ளவர் கையில் இருப்பது தேவையானது.

பதிவேட்டின் எஞ்சிய பதிவுகளை மூன்று நிலைகளில் வகைப்படுத்தினோம். ஆணின் அடிப்பக்கமும் முதுகும் தெளிவாகத் தெரிந்து, கூறுகள் பொருந்தியவற்றுக்கு இனப்பெயர். முழுவளர்ந்த ஆணின் நிறம் மட்டும் தெளிவாகத் தெரிந்தவற்றுக்கு, இனப்பெயரோடு ‘நிறத்தை மட்டும் கொண்டு’ என்ற குறிப்பு; இவை வரைபடத்தில் சேரா. பெண், குஞ்சு, மங்கிய படம், முதுகு மட்டும் தெரிந்த படம் ஆகிய எல்லாவற்றுக்கும் நெமாஸ்பிஸ் என்ற பேரினப் பெயர் மட்டும். மிகப் பெரும்பான்மையான பதிவுகள் மூன்றாம் நிலையில்தான் சேர்ந்தன. பழைய வரைபடம் கையேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

தங்கள் பல ஆண்டு உழைப்பு ‘இனம் தெரியாது’ என்று சுருங்கிவிட்டதாக ஒரு மாணவர் வருந்தினார். அவரிடம் ஆசிரியை சொன்ன பதில் எனக்குச் சரியாகப்பட்டது. அந்தப் பதிவுகளில் நாள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, பாறை இருக்கிறது. பாறை இடுக்கின் கூரையில் ஒட்டவைத்த இரட்டை முட்டைகள் எந்த மாதங்களில் காணப்பட்டன என்ற குறிப்பு இருக்கிறது. பல்லிகள் எந்நேரத்தில் வெளிவந்தன என்பதும் இருக்கிறது. இனப்பெயர் பின்னால் உறுதியாகும்போது இவை அனைத்தும் அந்தப் பெயரோடு சேர்ந்துகொள்ளும். தவறான பெயரோடு இருந்திருந்தால் வேறோர் இனத்தின் வாழ்க்கைக் குறிப்பாகப் போயிருக்கும்.

துல்லியமான இடத்தைக் கையேட்டில் கொடுப்பதா என்ற கேள்வியும் எழுந்தது. சிறு பரப்பில் மட்டும் வாழ்வதாக அறியப்பட்ட, வண்ணமயமான ஒரு பல்லியின் பாறையை ஜிபிஎஸ் எண்ணோடு அச்சிடுவது, அதைப் பிடித்து விற்க நினைப்பவருக்கு வழிகாட்டுவதாகிவிடும். கையேட்டில் ‘அடிவாரப் பாறைகள்’ என்று மட்டும் எழுதப்பட்டது. முழு விவரங்கள் வனத்துறையிடமும் ஆய்வாளரிடமும் உள்ளன.

நடைமுறையில் மாற்றப்பட்டவையும் மாற வேண்டியவையும்

பதிவேட்டில் ‘பெயரிட்டதன் அடிப்படை’ என்று ஐந்தாவது கட்டம் ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. அதில் இடம் என்பதை அடிப்படையாக எழுத அனுமதி இல்லை. பெயரை யார் எப்போது மாற்றினாலும் பழைய பெயர் அழிக்கப்படாமல் அருகிலேயே நிற்கும். 2021-இல் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியபோது முதலில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதைப் பல பதிவுகளில் மீட்கவே முடியாமல் போனதால் இந்த ஏற்பாடு.

படமெடுக்கும் முறையும் மாறியது. பல்லியின் பக்கவாட்டிலிருந்து ஒரு படம், ஒளி சாய்வாக விழும்படி முதுகின் ஒரு படம், தலையின் ஒரு படம் என்று குறைந்தது மூன்று எடுக்கிறார்கள், ஃபிளாஷ் பயன்படுத்துவதில்லை. பல்லி ஓடிய பிறகு அது இருந்த இடத்திலேயே ஓர் அளவுகோலை வைத்து அதே கோணத்தில் இன்னொரு படமும் எடுத்துக்கொள்கிறார்கள். பல்லியைத் தொடாமல் அளவறிய இது ஏற்ற வழியாக இருக்கிறது. கோடையில் இந்த அடிவாரக் காட்டில் உண்ணிகள் மிகுதி என்பதால் பாறைகளிடையே தவழ்ந்து எடுக்க முயல வேண்டாம் என்றும் முடிவாகியிருக்கிறது.

இன்னும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெண் பல்லிகளை இனம் பிரிக்க, உயிருள்ள நிலையில் எடுத்த படங்களில் பயன்படக்கூடிய கூறு எதுவும் இதுவரை எங்கள் கைக்கு வரவில்லை. முதுகெலும்பை ஒட்டிய புடைப்புகள் இருபாலுக்கும் பொது என்பதால் அதில் நம்பிக்கை வைக்கலாம். ஆனால் மரபணுவால் இனம் உறுதிசெய்யப்பட்ட பெண்களின் நல்ல படங்கள் ஒரு தொகுப்பாகக் கிடைத்தால்தான் அதைச் சோதிக்க முடியும். இரண்டாவது சரிவின் மாதிரிகள் எடுக்கப்படும்போது, ஆண்களோடு பெண்களையும் சாய்வொளியில் படமெடுத்து வைக்கும்படி ஆய்வாளரிடம் கேட்டிருக்கிறோம். அந்தப் படங்கள் வந்த பிறகு மூன்றாம் நிலையிலுள்ள பதிவுகளில் புடைப்புகள் தெளிவாகத் தெரிபவற்றை மட்டும் மீண்டும் எடுத்துப் பார்ப்பதாகத் திட்டம்.